நல்ல இணையதளம் எது? மளிகை வணிகர்களுக்கு ஒரு விளக்கம்



"நம் கடைக்கும் ஒரு வெப்சைட் வேண்டுமா? வேண்டுமானால் அது எப்படி இருக்க வேண்டும்?" என்று இப்போதெல்லாம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற வண்டிக்காரர் மீமிசலில் என்ன கிடைக்கும் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நிறுத்துகிறார். நம் வட்டாரத்தில் பிறந்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் இருப்பவர்கள், ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அங்கிருந்தபடியே மளிகை வாங்கித் தர விரும்புகிறார்கள். இவர்கள் தேடும் இடத்தில் நம் பெயர் இல்லாவிட்டால் வேறொருவர் பெயர் இருக்கும். போகிற வியாபாரம் சத்தமில்லாமல் போய்விடும்.

ஆனால் அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்டிவிடவும் கூடாது. ஆகவே நல்ல இணையதளத்தின் இலக்கணம் என்ன என்பதை நாற்பது வருடமாகத் தராசு பிடித்த அனுபவத்தோடு சேர்த்து, நமக்குப் புரிகிற பாஷையில் இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். இணையதளம் என்பது கடைக்காரன் கொடுக்கும் வாக்கு. அதில் போட்டிருக்கும் விலை, இருப்பு, நேரம், முகவரி யாவும் இன்றைய தேதியில் உண்மையாக இருந்தால் அது நல்ல தளம். ஓடுகிற படமும் மின்னுகிற எழுத்தும் இருந்து, விலை போன தீபாவளி விலையாக இருந்தால் அது கெட்ட தளம். கடையே இல்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். பொய் சொல்லும் கடையாக இருந்தால் திரும்பவே வரமாட்டார்.

1. பெயர் யார் பெயரில் இருக்கிறது?

இணையதளத்தின் முகவரிப் பெயரை டொமைன் என்கிறார்கள். இது கிரயம் வாங்கிய மனை போல அல்ல. வருடா வருடம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கும் குத்தகை போன்றது. 'டாட் இன்' என்று முடியும் இந்தியப் பெயர்களை 'நிக்ஸி' என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. அதனிடம் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்கள் மூலம் 2005 முதல் யாரும் வாங்கலாம். நம் தமிழிலேயே 'டாட் இந்தியா' என்ற முடிவும் இருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தளம் அமைத்துக் கொடுப்பவர், "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, டொமைனைத் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்து வைத்துக்கொள்கிறார். நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரருக்கு இப்படி நடந்தது. மூன்றாம் வருடம் புதுப்பிக்கும்போது கட்டணத் தகராறு வந்தது. பைகளிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்திருந்த முகவரி அவர் கையை விட்டுப் போயிற்று. கடைப் பெயர் அவருடையது, சரக்கு அவருடையது, வாடிக்கையாளரும் அவருடையவர்கள்; முகவரி மட்டும் இன்னொருவருடையது. வேறு பெயர் வாங்கி, பைகளை மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே டொமைன் கடைக்காரர் பெயரில், கடைக்காரரின் மின்னஞ்சலில், கடைக்காரரின் கைப்பேசி எண்ணோடு பதியப்பட வேண்டும். புதுப்பிக்கும் தேதியைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கெடு தாண்டி, சலுகை நாட்களும் கழிந்துவிட்டால் அந்தப் பெயரை எவரும் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தப் பெயருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் அப்போது சத்யம் இன்ஃபோவே என்ற பெயரில் இருந்தது. 'சிஃபி' என்ற சொல்லை வைத்து 1999இல் பல டொமைன்களைப் பதிவு செய்தது. வேறொரு நிறுவனம் ஓர் எழுத்தை மட்டும் கூட்டி, கிட்டத்தட்ட அதே பெயரில் தளம் நடத்தியது. வழக்கு பெங்களூரு நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. டொமைன் பெயரும் வணிகச் சின்னம் போலப் பாதுகாக்கத் தக்கதே என்று 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைக்கு அது பெரிய கம்பெனிகளின் வழக்கு. இன்றைக்கு அந்தத் தீர்ப்பு நம் போன்ற சிறுகடைக்கும் பொருந்தும்.

இலவசமாகக் கிடைக்கும் தளத்தை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. கூகுள் நிறுவனம் சிறு கடைகளுக்கு இலவசமாக ஒரு பக்கத் தளம் அமைத்துத் தந்துகொண்டிருந்தது. அவற்றை 2024 மார்ச் மாதத்தில் நிறுத்திவிட்டது. அந்த முகவரியை மட்டும் பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருந்தவர்கள் பலகையை அழித்து எழுத வேண்டியதாயிற்று. வாடகைக் கடையில் வியாபாரம் செய்யலாம். ஆனால் கடையின் பெயரையே வாடகைக்கு எடுக்கக் கூடாது.

2. முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

கடைக்கு வருகிறவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். இது யார் கடை? எங்கே இருக்கிறது? எத்தனை மணிக்குத் திறக்கும்? என்றைக்கு விடுமுறை? எந்த எண்ணுக்குப் பேசுவது? சில்லறையா, மொத்தமா? இவ்வளவுதான். "நாங்கள் தரத்திலும் சேவையிலும் முதன்மையானவர்கள்" என்று பத்து வரி எழுதிவிட்டுக் கடைசியில் போன் நம்பரை ஒளித்து வைப்பது, கல்லாவை வாசலில் போட்டு வழியை மறிப்பது போலாகும்.

இது வெறும் யோசனை மட்டுமல்ல, சட்டமும் கூட. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்பவர் தம் சட்டப்படியான பெயர், தலைமையிட முகவரி, தொடர்பு எண்கள், மின்னஞ்சல், குறை கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவற்றைத் தெளிவாகக் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். விற்பவரே வாடிக்கையாளர் போல நடித்துத் தம் சரக்கைப் புகழ்ந்து எழுதுவதும் அந்த விதிகளின்படி தவறு. சிறு கடையில் குறை கேட்கும் அலுவலர் முதலாளிதான். அந்தப் பெயரையே போட்டுவிடலாம்.

3. சரக்கும் விலையும்

இணையத்தில் சரக்கைத் தொட்டுப் பார்க்க முடியாது, மோந்து பார்க்க முடியாது, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுப் பார்க்கவும் முடியாது. அந்த மூன்று வேலையையும் எழுத்தும் படமும்தான் செய்ய வேண்டும். ஆகவே சொந்தச் சரக்கைப் பகல் வெளிச்சத்தில் சொந்தமாகப் படமெடுத்துப் போடுங்கள். எங்கிருந்தோ எடுத்த பளபளப்பான படத்தைப் போட்டால், பொட்டலத்தைப் பிரித்ததும் சண்டைதான்.

பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நம் கடற்கரையில் சீலா என்கிறோம். அதே மீன் சென்னையில் வஞ்சிரம், நாகர்கோவில் பக்கம் நெய்மீன். சீலாக் கருவாடு என்று மட்டும் எழுதினால் சென்னைக்காரர் தேடும்போது நம் தளம் அகப்படாது. மூன்று பெயரையும் எழுத வேண்டும். நெத்திலிக் கருவாடு என்பதைத் தமிழ் எழுத்தில் தேடுவோரும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டித் தேடுவோரும் உண்டு. இரண்டு விதமாகவும் எழுதி வைப்பது நல்லது.

சரக்கு எந்த ஊர், எந்த ரகம் என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து மாவட்டத்து ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. உண்மையான ராமநாதபுரம் குண்டு வைத்திருப்பவர் அதைத் தெளிவாக எழுதலாம், தேடி வருவார்கள். வேறு ஊர் மிளகாய்க்கு அந்தப் பெயரைச் சூட்டுவது மோசடி மட்டுமல்ல, சட்ட விரோதமும் ஆகும்.

பொட்டலச் சரக்கை இணையத்தில் விற்பதானால் தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை முதலியவற்றை அட்டையில் மட்டுமின்றித் தளத்திலும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறை. உணவுப் பொருள் உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் போட்டுவிடுங்கள். கருவாட்டைத் தாமே எடை போட்டுப் பொட்டலம் கட்டி விற்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது விலை. மளிகை விலை தினம் மாறுகிறது, எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். விலைக்குப் பக்கத்தில் தேதியைப் போடுவதே வழி. "இன்று காலை விலை" என்று தேதியோடு இருந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இருப்பும் அப்படித்தான். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில், தளத்தில் மட்டும் எல்லா ரகமும் 'உண்டு' என்று காட்டிக்கொண்டிருந்தால் அது வாக்குத் தவறுவதாகும். "தடைக்காலம், இந்த ரகம் ஜூன் கடைசியில் வரும்" என்று எழுதினால் வாடிக்கையாளர் காத்திருப்பார். நம்மை நேர்மையானவர் என்றும் நினைப்பார்.

ஆகவே தளம் அமைக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, தினமும் காலையில் விலையை மாற்றப் போவது யார் என்பது. மகனா, மருமகளா, கணக்குப்பிள்ளையா? ஆள் இல்லையென்றால் விலை போடாமல் "விலைக்குப் பேசவும்" என்று எண்ணைப் போடுவதே யோக்கியம். விலையை மாற்ற ஒவ்வொரு முறையும் தளம் அமைத்தவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்தத் தளம் உதவாது. கடையிலிருந்தே கைப்பேசியில் மாற்றும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

4. எழுத்து, வேகம், பாதுகாப்பு

நம் வாடிக்கையாளர் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறார். கணினித் திரையில் அழகாக இருக்கும் தளம் கைப்பேசியில் எறும்பு எழுத்தாகத் தெரியலாம். வாங்கும் முன் விலை குறைந்த ஒரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். கனமான படங்கள் இருந்தால், சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் வந்து சேர்வதற்குள் பார்ப்பவர் பொறுமை போய்விடும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். இப்போது யூனிகோடு வந்துவிட்டதால் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. ஆயினும் சிலர் விலைப்பட்டியலை அச்சகத்தில் அடித்து அதைப் படமாக எடுத்துத் தளத்தில் ஒட்டிவிடுகிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்து தேடலில் எளிதில் அகப்படாது. ஒரு விலை மாறினால் முழுப் படத்தையும் மாற்ற வேண்டும். எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் உள்ள அந்த 'எஸ்' எழுத்து, வாடிக்கையாளருக்கும் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதைக் குறிக்கும். அது இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. இதற்குரிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. இதற்கென்று தனியாகப் பெருந்தொகை கேட்டால் ஏன் என்று விசாரியுங்கள்.

5. பணமும் அனுப்புதலும் வரியும்

சரக்கு விலை, பொட்டலக் கூலி, கூரியர் கட்டணம் மூன்றையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும். கடைசிப் படியில் திடீரென்று நூறு ரூபாய் ஏறினால் வாடிக்கையாளர் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். உடைந்து போனால், கெட்டுப் போனால், மாறிப் போனால் என்ன செய்வோம் என்பதை நாலு வரியில் தமிழில் எழுதுங்கள். கருவாடு, எண்ணெய் போன்றவற்றை ஏற்றுக்கொள்வார்களா என்று கூரியர்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததா என்பதை நம் வங்கிக் கணக்கில் பார்த்துத்தான் சரக்கை அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் படத்தை நம்பக் கூடாது. போலிப் படம் தயாரிப்பது சுலபம்.

வரி விஷயம் மிக முக்கியம். தளம் போட்டவுடன் பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும்; காரைக்காலிலிருந்தும் வரும். காரைக்கால் நமக்குப் பக்கம்தான். ஆனால் அது புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆகவே ஜி.எஸ்.டி. கணக்கில் வெளிமாநில விற்பனை. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் வியாபாரி வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பதிவே இல்லாத சிறு வியாபாரியும், வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்பதானால், விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் முதலில் பதிவு செய்ய வேண்டும். எனவே "தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புவோம்" என்று தளத்திலேயே எழுதிவிடுங்கள். அல்லது உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டு அப்புறம் திறங்கள்.

6. பெரியவர்கள் கற்ற பாடம்

தளம் நன்றாக இருந்தால் வியாபாரம் தானே வரும் என்று நினைத்தவர்கள் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் வெப்வான் என்ற நிறுவனம் 1999 ஜூனில் இணைய மளிகை தொடங்கியது. ஆர்டர் வருமுன்பே பிரம்மாண்டமான கிடங்குகளைக் கட்ட நூறு கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் திவாலாயிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தின் டெஸ்கோ மளிகை நிறுவனம் புதுக் கிடங்கு கட்டாமல், இருக்கிற கடைகளின் அலமாரியிலிருந்தே சரக்கை எடுத்துக் கட்டி அனுப்பியது, நிலைத்தது.

நம் நாட்டிலும் பெங்களூரில் 1999இல் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடை தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் பின்னர் நேரடி மளிகைக் கடைகளையும் திறந்து கொள்முதலும் கழிவும் எப்படி என்று கற்றார்கள். அவர்களில் சிலர் 2011இல் மறுபடி இணையத்துக்கு வந்து தொடங்கியதுதான் பிக்பாஸ்கெட். பத்து வருடம் மளிகையைக் கற்ற பிறகே அவர்களுக்கு இணைய மளிகை கைகூடியது. நமக்கோ மளிகை ஏற்கெனவே தெரியும், அலமாரியும் இருக்கிறது. சேர்க்க வேண்டியது தளம் மட்டுமே. அதைச் சிறிதாகத் தொடங்கினால் போதும்.

7. யாருக்கு எது போதும்?

தெருக்கோடியில் ஐம்பது வீட்டுக்குக் கடை வைத்திருப்பவருக்குத் தனி இணையதளம் தேவையில்லை. கூகுள் வரைபடத்தில் கடையைச் சரியான இடத்தில், சரியான நேரத்தோடு இலவசமாகப் பதிந்தாலே போதும். 2018 முதல் கடைகளுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸில் சரக்குப் பட்டியலும் போட்டுக்கொள்ளலாம்.

வெளியூருக்கு அனுப்பும் சரக்கு வைத்திருப்பவருக்கும், கிராமத்துக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பவருக்கும் சொந்தத் தளம் உதவும். கருவாடு, மிளகாய், கருப்பட்டி போன்றவை அப்படிப்பட்ட சரக்கு. மொத்த வியாபாரி தினசரி விலைப்பட்டியலைத் தளத்தில் போட்டால், காலையில் நாற்பது போன் பேசுவது பாதியாகக் குறையும்.

பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்து விற்பதும் தவறல்ல. ஆனால் அங்கே வருகிறவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். கழிவு எவ்வளவு, யாரை முன்னால் காட்டுவது என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். சொந்தத் தளத்துக்கு வருகிறவர்தான் நம் வாடிக்கையாளர். அவருடைய பெயரும் எண்ணும் நம் பேரேட்டில் இருக்கும். அவற்றைப் பிறருக்குக் கொடுக்காமல் காப்பது நம் பொறுப்பு.

8. சோதித்து வாங்குங்கள்

தளம் அமைத்துக் கொடுத்தவருக்குக் கடைசித் தவணை கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, கடையின் எண், ஒரு சரக்கின் இன்றைய விலை, கெட்டுப்போனால் திருப்பித் தரும் முறை ஆகிய மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தால் தளம் நல்ல தளம். தடுமாறினால் குறை அவரிடம் இல்லை, தளத்தில்தான். திருத்தித் தரச் சொல்லுங்கள். பிறகு டொமைன் உங்கள் பெயரில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து, கடவுச்சொற்களை எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

எடையில் குறைக்காமலும் சொன்ன விலையில் மாறாமலும் இருந்துதான் நம் முன்னோர் இந்தக் கடற்கரையில் பேர் எடுத்தார்கள். தராசும் பேரேடும் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசித் திரையும் வந்திருக்கிறது. அங்கேயும் அதே நாணயத்தோடு இருந்தால் வியாபாரம் நிற்கும்.